சிறிய அளவில் எழுத்துகள் ஏன் திரையில் மங்குகின்றன?

அச்சில் பளிச்சென்று இருக்கும் அதே எழுத்துரு திரையில் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் புள்ளிக் கணக்குதான். எழுத்துருவில் இருப்பது வளைகோடுகளின் வரைவு மட்டுமே; அதை அச்சிலும் திரையிலும் புள்ளிகளாக மாற்ற வேண்டும். 12 பாயிண்ட் எழுத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) பிரிண்டரில் மொத்த உயரம் 100 புள்ளி. 96 டிபிஐ திரையிலோ வெறும் 16 பிக்சல், அதாவது திரைப்புள்ளி. அதற்குள் ‘ண’வின் சுழிகளை அடக்க வேண்டும், பாவம்! கோடு இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்தால், எழுத்தின் ஒரு கால் தடித்தும் இன்னொன்று மெலிந்தும் வரும்.

இதற்குத்தான் ஹிண்டிங். 1991இல் ஆப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப் என்ற எழுத்துரு வடிவத்தில், கோட்டின் ஓரத்தைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தும் கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அப்புறம், ஓரங்களைச் சாம்பல் நிறத்தில் மென்மையாக்கும் முறையும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பினால் சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துரு வரைபவர்கள் சுழியின் உள்வெளியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.