அஞ்சு வருஷ ரோடு பைக்: பத்தாயிரத்துக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறேன், வயது 34. 2021-ல் 56,000 ரூபாய்க்கு ஒரு ரோடு பைக் வாங்கினேன் (வளைந்த ஹேண்டில் சைக்கிள்தான், மோட்டார் பைக் இல்லை). அலுமினிய ஃப்ரேம், ஷிமானோ கிளாரிஸ் கியர். முழங்கால் வலியால் ஒரு வருடமாக ஓட்டவில்லை. கிரெடிட் கார்டில் 30,000 பாக்கி நிற்கிறது, மாதம் 3.5% வட்டி. உள்ளூர்க் கடையில் 10,000-க்குக் கேட்கிறார்கள். நண்பரோ, 6,500 செலவழித்து டயர், செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள்) எல்லாம் மாற்றிவிட்டு 40,000-க்கு விற்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, இரண்டுமே வேண்டாம். பத்தாயிரம் அடிமாட்டு விலை, நாற்பதாயிரம் நடக்காத விலை.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருக்கு இது இன்னொரு கியர் சைக்கிள், அவ்வளவுதான். அவரிடம் வாங்க வருகிறவர்களும் கிளாரிஸ் என்றால் என்ன என்று கேட்கப் போவதில்லை. நண்பர் சொல்லும் 40,000 நீங்கள் அன்று போட்ட காசிலிருந்து வருகிற எண். ஆனால் வாங்குகிறவர் உங்கள் பழைய பில்லையா பார்ப்பார்? இன்று புதுசு என்ன விலை என்றுதான் பார்ப்பார். சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகிவிட்டது. உங்கள் 56,000-ல் வண்டியின் விலை 50,000, வரி 6,000. அதே 50,000 வண்டிக்கு இன்று வரி 2,500-தான், ஆக 52,500. வரி குறைந்ததில் பழைய வண்டியின் விலையும் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. இத்தனை வருடம் ஆன, நல்ல நிலையில் உள்ள அலுமினிய வண்டிக்குப் புது விலையில் பாதியை ஒட்டிக் கேட்கலாம் என்பது என் கணக்கு. 26,000 என்று போடுங்கள், 22,000-க்குக் கீழே இறங்காதீர்கள்.

அந்தப் பாதி விலை வர வேண்டுமானால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். மண்டபம் என்றதுமே வாங்குகிறவர் மனசில் வருவது உப்புக்காற்று. ஆடியில் கச்சான் காற்று, ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று, வருஷம் முழுக்க ஏதோ ஒரு பக்கமிருந்து உப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் பளபளவென்று துடைத்த போட்டோவை யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே பார்த்தால்தான் நம்புவார்கள். சீட் கம்பி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி முழுசாக வெளியே உருவுங்கள். அலுமினியத்தின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துணியால் அழுத்தித் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்ப உள்ளே விடுங்கள், இதை முழுக்க ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொந்தமாக வைத்திருந்த சைக்கிளை இப்படி உருவிக் காட்டிய பிறகுதான் மதுரையிலிருந்து வந்தவர் பேரத்தை நிறுத்தினார். அப்புறம் போக்ஸ் கம்பி ரிம்மைத் தொடும் இடம், பிரேக் போல்ட், பெடல் அச்சு, இவற்றைக் கிட்டத்தில் வைத்து போட்டோ எடுங்கள். துரு இருந்தால் அதையும் எடுத்துப் போடுங்கள். நேரில் வந்து அவர் கண்டுபிடித்தால் மூவாயிரம் குறைப்பார், நீங்களே சொல்லிவிட்டால் ஐந்நூறோடு போகும்.

செயினை மாற்ற வேண்டுமா என்பதை இரும்பு ஸ்கேல் சொல்லிவிடும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து அளந்தால், புதுச் செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள், கிளாரிஸ் 8 கியர் என்பதால் செயின் விலை அதிகம் இல்லை. 1/8 அங்குலம் தள்ளிவிட்டதென்றால் கேசட்டும் தேய்ந்திருக்கும். அப்போது எதையும் மாற்றாமல், உள்ளதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். புது டயருக்குப் போட்ட காசு விலையில் அப்படியே திரும்பி வராது, அந்த 6,500-ஐயும் அதே கார்டில்தான் தேய்ப்பீர்கள். ஹேண்டில் டேப் கிழிந்திருந்தால் அது மட்டும் புதுசாகச் சுற்றுங்கள். லைட், மீட்டர் இருந்தால் கழற்றித் தனியாக விற்கலாம்.

ஆள் எங்கே கிடைப்பார்? மதுரை, சென்னை சைக்கிள் குழுக்களில் போடுங்கள், ஃப்ரேம் சைஸை முதல் வரியிலேயே எழுதுங்கள். சைஸ் பொருந்தாதவரோடு பேசிப் பேசியே பாதி நாள் போய்விடும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டதிலிருந்து தனுஷ்கோடிக்கு சைக்கிளில் வருகிறவர்கள் உங்கள் வாசல் வழியாகத்தானே போகிறார்கள், அவர்களிடமும் சொல்லி வைக்கலாம். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவர் வண்டியையோ முழுப் பணத்தையோ கையில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இப்போது வட்டிக் கணக்கு, உங்களுக்கு இதுதான் முக்கியம். 24,000 கையில் வந்து கார்டில் கட்டினால் மாதம் 840 வட்டி மிச்சம், அந்த வட்டிமேல் 18% ஜிஎஸ்டி 151, ஆக 991 ரூபாய். பத்தாயிரத்துக்கும் 24,000-க்கும் நடுவில் 14,000 இருக்கிறது, அதற்காக ஒரு மாதம் பொறுப்பது சரி. ஆனால் 24,000 கேட்டு ஆள் வந்து நிற்கும்போது 26,000-தான் வேண்டும் என்று மூன்று மாதம் உட்கார்ந்தால் கைவிட்டுப் போவது உங்கள் பணம். வந்த பணம் அன்றைக்கே கார்டுக்குப் போகட்டும், மீதி ஆறாயிரத்தைச் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையில் முடித்துவிடுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சைக்கிளை விற்றால் வருமான வரி கிடையாது, ஜிஎஸ்டியும் கிடையாது. வாங்கிய பில்லையும், பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேமில் குத்தியிருக்கும் நம்பரையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். பணம் வாங்க யாரும் யுபிஐ பின் போடத் தேவையில்லை. க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் சரி. எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சைக்கிளை விடுங்கள்.

இன்று இரவே சீட் கம்பியை உருவிப் பாருங்கள். அசையாமல் பிடித்துக்கொண்டதென்றால் சுத்தியல் எடுக்க வேண்டாம், ஃப்ரேம் பிளந்துவிடும். துரு விடுவிக்கும் எண்ணெயை ஓரத்தில் விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து முறுக்கிப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது 22,000 என்று நான் சொன்ன கீழ்விலையை மாற்ற வேண்டியிருக்கும்.