மொட்டை மாடி இன்னும் ஒழுகுகிறது, மேஸ்திரி பாக்கி கேட்கிறார்: கொடுக்கவா, நிறுத்தவா?

கேள்வி: திருச்சி உறையூரில் எங்கள் வீடு, முப்பது வருடப் பழசு. ஆகஸ்டில் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு மேஸ்திரியிடம் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் வேலை கொடுத்தோம். 900 சதுர அடி, பொருள், கூலி எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய், ஐந்து வருட கேரண்டி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைத் தவிர ஒப்பந்தம், பில் எதுவும் இல்லை. 50,000 கொடுத்துவிட்டேன், பாதி ஜிபே, பாதி ரொக்கம். ஐப்பசி மழையில் ஹால் மூலையிலும் படுக்கையறைச் சுவரிலும் பழையபடி தண்ணீர் இறங்குகிறது, மாடியில் பூசிய பூச்சு அங்கங்கே உப்பி நிற்கிறது. கேட்டால் "கைப்பிடிச்சுவர் என் வேலையில சேராது மேடம், பாக்கி 22,000 செட்டில் பண்ணுங்க, அப்புறம் வந்து பார்க்கிறேன்" என்கிறார். போன வாரம் இரண்டு ஆட்களை அனுப்பி வாசலில் சத்தம் போட வைத்தார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கொழுந்தனார் "ஒரு பைசா கொடுக்காதீங்க அண்ணி" என்கிறார். பக்கத்து வீட்டிலோ வேறு ஆளை வைத்து உடனே சரி பண்ணச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: கொழுந்தனார் சொல்வதும் வேண்டாம், பக்கத்து வீட்டார் சொல்வதும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பைசாவும் தரமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் இருந்தால், நாளைக்கு "வேலையை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றினார்" என்று மேஸ்திரி பேச நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். வேறு ஆளை வைத்து மேலே இன்னொரு பூச்சு பூசிவிட்டால் முதல் ஆள் என்ன தப்புச் செய்தார் என்பதற்கான ஒரே சாட்சி, அதாவது உங்கள் மாடி, அதற்கடியில் போய்விடும். நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது, தப்பைச் சரிசெய்ய ஆகும் தொகையை மட்டும். அதை எழுத்தில் சொல்லிப் பிடித்து வைக்க வேண்டும். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒழுகல் எங்கிருந்து என்று பாருங்கள். மழை இல்லாத நாளிலும் கறை ஈரமாகவே இருந்தால் அது தொட்டியிலிருந்து இறங்கும் குழாயாக இருக்கலாம், அப்படியானால் மேஸ்திரி மேல் பழி போட முடியாது. மழை பெய்த சில மணி நேரத்தில் இறங்கினால் தளம்தான், அல்லது தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூட்டு. அந்த மூட்டில்தான் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் உள்ளே போகிறது. அதனால்தான் அந்த இடத்தைக் கலவை வைத்து வளைவாக மழுக்கி, பூச்சைச் சுவரிலும் முக்கால் அடி, ஓரடி ஏற்றுவது வழக்கம். "கைப்பிடிச்சுவர் என் வேலையில சேராது" என்பவர், சுவர் முழுக்கப் பூசுவதைச் சொல்கிறாரா, இந்த மூட்டையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள். மூட்டை விட்டுவிட்டு 900 சதுர அடிக்கும் தண்ணீர் இறங்காது என்று ஐந்து வருட கேரண்டி கொடுத்திருந்தால், அந்த கேரண்டிக்கு என்ன அர்த்தம்?

பூச்சு உப்புவது வேறு கதை. ஈரம் காயாத தளத்தில், தூசியைச் சுத்தம் செய்யாமல், பிரைமர் இல்லாமல் அடித்தால் இப்படித்தான் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். உப்பிய இடத்தை விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரியும். அதை வீடியோ எடுங்கள். ஒன்றை மட்டும் பிளேடால் கீறித் திறந்து, அடியில் தெரிவது பழைய பாசியா, தூசியா, வெறும் சிமெண்டா என்று கிட்டே போய்ப் படம் எடுத்து வையுங்கள். காலி டப்பாக்கள் இன்னும் மூலையில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை லிட்டர் வாங்கினார் என்பது அதில் தெரியும், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்றும் டப்பாவிலேயே போட்டிருக்கும். இரண்டு கோட் அடித்தேன் என்கிற ஆள் ஒரு கோட்டுக்குத்தான் பொருள் வாங்கியிருந்தால் கணக்கு அங்கேயே உதைக்கும்.

தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் 900 சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அது நாலாயிரம் லிட்டருக்கு மேல், எடை நாலு டன்னைத் தாண்டும். முப்பது வருட வீட்டில் முழு மாடிக்கும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டாம். சந்தேகமான மூலையில் மட்டும் சிமெண்டால் சின்ன வரப்பு கட்டி, ஒரு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே சீலிங்கை மணிக்கொரு தரம் படமெடுத்தால் போதும். அதற்குமுன் சீலிங்கில் கம்பி தெரிகிறதா, காரை பெயர்ந்து விழுகிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு சொட்டுக்கூட நிறுத்தாதீர்கள்.

அடுத்து காசு. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூட்டைச் சரிசெய்து உப்பிய இடங்களைச் சுரண்டி மறுபடி பூச எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு பேச்சுக்கு 14,000 என்று வருகிறது என்றால், பாக்கி 22,000-இல் 14,000-ஐ நிறுத்திவைத்து, 8,000-ஐ ரசீது வாங்கிக்கொண்டு தந்துவிடலாம் என்பது என் கருத்து. தர வேண்டுமா என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் அவர் ஒன்றுமே செய்யாமல் போகவில்லை. சர்ச்சை இல்லாத தொகையைக் கொடுத்துவிட்டவர் என்ற பெயர் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குப் பெரிய பலம். சரிசெய்ய 30,000 ஆகும் என்று மதிப்பீடு வந்தால் கணக்கு திரும்பிவிடும்: பாக்கியில் எதுவும் தர வேண்டாம், மேற்கொண்டு 8,000 அவர்தான் தர வேண்டியவர்.

ஒப்பந்தம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் நம் சட்டத்தில் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். உங்களிடம் அளவு, தொகை, கேரண்டி மூன்றும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 25,000-க்குச் சாட்சி இல்லை என்று நினைப்பீர்கள், அதற்கும் வழி உண்டு. "பாக்கி எவ்வளவு என்று மெசேஜில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். 22,000 என்று அவர் போட்டுவிட்டால் 50,000 வந்து சேர்ந்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பேக்கப் எடுத்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் இந்தப் பதிவுகளோடு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும், பழைய சட்டத்தில் 65பி என்பார்களே, அதுதான்.

இப்போது கடிதம். வக்கீல் நோட்டீஸ் முதலிலேயே வேண்டாம், நீங்களே எழுதலாம். கிட்டத்தட்ட இப்படி:

"ஆகஸ்ட் மாதம் நீங்கள் செய்த மொட்டை மாடி வேலைக்குப் பிறகும் ஹால் மூலையிலும் படுக்கையறைச் சுவரிலும் தண்ணீர் இறங்குகிறது. படங்கள் இணைத்துள்ளேன். நீங்கள் தந்த ஐந்து வருட கேரண்டிப்படி இதை உங்கள் செலவில் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நேரில் வந்து பார்த்து, மழை விட்டுத் தளம் காய்ந்தபின் எந்தத் தேதியில் வேலை தொடங்குவீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். சரிசெய்ய ஆகும் செலவான ரூ.14,000-ஐ அதுவரை நிறுத்திவைக்கிறேன். மீதி ரூ.8,000-ஐ ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால் வேறு ஆளைக் கொண்டு சரிசெய்து, அந்தச் செலவை உங்கள் பாக்கியில் கழித்துக்கொள்வேன்."

இவ்வளவுதான். திட்டு, சாபம், உறவுக்காரர் பெயர் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் பூச முடியாது என்று அவர் சொன்னால் அது சாக்கு இல்லை, உண்மை. அதனால்தான் வந்து பார்ப்பதற்கு மட்டும் 15 நாள், வேலைக்குத் தனித் தேதி. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வாங்கி வையுங்கள் (பழைய பதிவுத் தபால் 2025-இல் இதோடு சேர்ந்துவிட்டது), கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அவருடைய முகவரி தெரியாது என்றால் இப்போதே தேடிப் பிடியுங்கள். முகவரி இல்லாத ஆள் மேல் எங்கேயும் வழக்குப் போட முடியாது, இந்த மாதிரிப் புகார்கள் பாதி இங்கேதான் செத்துப்போகின்றன. அறிமுகப்படுத்திய அந்தத் தெரிந்தவருக்கு இதுதான் வேலை.

15 நாள் போயும் அசையவில்லை என்றால் ஒரு பொறியாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள். கையெழுத்து, முத்திரை, தேதி, படங்கள், என்ன காரணம், எவ்வளவு செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு ஆளை வைத்துத் தாராளமாகச் சரிசெய்யலாம், பில்லோடு.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்து வாங்கிய வீட்டுப் பராமரிப்பு வேலையில் வரும் குறை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது திருச்சியிலேயே. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சரிசெய்த செலவு, பொறியாளர் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று போடாதீர்கள், படிக்கிறவர்களுக்கு உங்கள் மற்ற கணக்கின் மேலும் நம்பிக்கை போய்விடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பெரிய கம்பெனி என்றால் அங்கே பேசினாலே நகர்வார்கள், தனி மேஸ்திரியிடம் அதற்கு அவ்வளவு வலு இல்லை. வழிகாட்டலுக்காக வேண்டுமானால் கூப்பிடுங்கள்.

வாசலில் வந்து சத்தம் போட்டதை இதோடு கலக்காதீர்கள். பணத் தகராறு சிவில் விவகாரம், போலீஸ் வசூல் செய்து தராது, உங்களிடமிருந்து வசூல் செய்யவும் அவர்களுக்கு வேலை இல்லை. மிரட்டல் தனிக் குற்றம். மறுபடி வந்தால் கதவைத் திறக்காமல் வீடியோ எடுங்கள், 112-க்குக் கூப்பிடுங்கள், ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) கேட்டு வாங்குங்கள். அவருடைய ஏணி, மெஷின் ஏதாவது உங்கள் மாடியில் இருந்தால் பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்காதீர்கள், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை வைத்து உங்கள் மேல் புகார் கொடுக்க ஆள் காத்துக்கொண்டிருப்பார். இலவசச் சட்ட உதவி வேண்டுமானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

கேள்வி: பிளம்பிங், டைல்ஸ் வேலைக்குப் பாக்கி 40,000-க்குப் பின்தேதியிட்ட செக் (வரப்போகும் தேதி போட்டது) கொடுத்துவிட்டேன். இப்போது குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடுகிறது. பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பணம் நிறுத்தி வைக்கச் சொல்லித் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் (செக் மோசடி வழக்கு என்பார்களே, அது) வழக்கு வரும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம், அது கிடைத்தபின் பணத்தைக் கட்ட உங்களுக்கு 15 நாள்தான். அதனால் ஸ்டாப் கொடுக்கும் அன்றைக்கே, வேலையில் என்ன குறை, ஏன் நிறுத்துகிறேன் என்று அவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள், கணக்கில் அந்த 40,000 இருக்கட்டும், காசில்லாமல் நிறுத்தவில்லை என்று காட்ட அது உதவும். நோட்டீஸ் வந்தால் மட்டும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள், இந்த ஒரு விஷயத்தில் நீங்களே எழுதிச் சமாளிக்க வேண்டாம். இனிமேல் வேலை முடியாமல் செக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். வாட்டம் சரியா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும், டைல்ஸ் ஒட்டிய அன்றே ஊற்றிப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: நான் பெயிண்டர். வீட்டுக்காரர் இரண்டு அறைக்குக் கலர் பிடிக்கவில்லை என்று 18,000 பாக்கியை நிறுத்திவிட்டார். கலரை அவரேதான் கார்டில் தேர்ந்தெடுத்தார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது, அது காசு கொடுத்து வாங்கியவருக்கான இடம். ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. கலர் நம்பரைத் தேர்ந்தெடுத்த மெசேஜ், பெயிண்ட் கடை பில் இரண்டும் இருந்தால் "பிடிக்கவில்லை" என்பது குறைபாடு ஆகாது. திட்டுத் திட்டாக இருக்கிறது, உரிகிறது என்றால் அது வேறு, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கூலியைக் கேட்டு வழக்குப் போட வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. 18,000-க்கு கோர்ட்டுக்கு அலைவது கட்டாது என்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். கோர்ட் கட்டணம் இல்லை, அவர்கள் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைப்பார்கள். அவர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஆனால் அந்தத் தபால் வீட்டுக்குப் போன பிறகு பலர் பேச இறங்கி வருகிறார்கள். அங்கே இருவரும் சமாதானமாகிப் போடும் உத்தரவின் மேல் அப்பீல் கிடையாது, அதனால் தொகையை நன்றாக யோசித்து ஒத்துக்கொள்ளுங்கள், தவணை என்றால் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.