எச்-குறியீடு 3 என்றால் ஆய்வு வீணா?

கேள்வி: இணைய நிதி மோசடியில் பணம் இழந்தவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஐந்து கட்டுரைகள் வெளியாகிவிட்டன. எச்-குறியீடு 3தான். வேலை விண்ணப்பத்தில் 'ஆய்வின் தாக்கம்' பற்றி ஒரு பக்கம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: அந்த 3 என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. பிறர் தங்கள் கட்டுரைகளில் குறைந்தது மூன்று முறை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உங்களிடம் மூன்று இருக்கின்றன என்பதே அதன் பொருள். ஐந்து கட்டுரைகளுக்கு 120, 9, 4, 2, 1 என்று மேற்கோள்கள் கிடைத்தாலும் குறியீடு 3. 4, 3, 3, 0, 0 என்று கிடைத்தாலும் அதே 3. மேற்கோள்களை எண்ணும் தளங்களில், ஒரே ஆளுக்குக் கூகுள் ஸ்காலர் ஒரு எண்ணையும் ஸ்கோபஸ் வேறொரு எண்ணையும் காட்டும். எண்ணை எழுதுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

மீதிப் பக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்த மாற்றத்துக்குக் கொடுங்கள். பிரிட்டனின் ஆய்வு மதிப்பீட்டு முறையில் இந்த வெளித் தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீத மதிப்பெண் இருந்தது. 2021இல் அது 25 ஆனது. ஆய்வு என்ன, அதனால் யாருக்கு என்ன மாறியது, அதற்கு வெளியார் சான்று எது என்று அங்கே கேட்கிறார்கள். உங்கள் பக்கத்தையும் அந்த வரிசையிலேயே எழுதலாம்.

நம் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி, கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட சைபர் குற்றச் செலவுக் கணக்கு. பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 2,700 கோடி பவுண்டு இழப்பு என்று அதற்கு முந்தைய ஆண்டு ஓர் அறிக்கை சொல்லியிருந்தது. அதில் சந்தேகம் எழுந்ததால், பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் கேட்டுக்கொண்டதன்பேரில் இவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். உலகின் குப்பை மின்னஞ்சலில் மூன்றில் ஒரு பங்கை 2010இல் அனுப்பிய, பிறரின் கணினிகளைக் கைப்பற்றி இயக்கிய ஒரு வலையமைப்பின் உரிமையாளர்கள் சம்பாதித்தது சுமார் 27 லட்சம் டாலர். குப்பை மின்னஞ்சலைத் தடுக்க உலகம் செலவழித்ததோ 100 கோடி டாலருக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தடுப்புக் கருவிகளுக்குக் கொட்டும் பணத்தைக் குறைத்து, குற்றவாளிகளைப் பிடிக்கச் செலவழியுங்கள் என்பது அவர்களின் முடிவு. பெரிதாகப் பேசப்பட்ட ஓர் எண்ணைத் துணிந்து சோதித்ததுதான் அந்த ஆய்வின் பலம்.

வேறு வகைத் தாக்கமும் உண்டு. திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர் 2007இல் சைபர் குற்றவியலுக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். மற்றவர்கள் எழுத ஓர் இடம் அமைத்ததும் ஆய்வுத் தாக்கம்தான். கேம்பிரிட்ஜ் சைபர் குற்ற மையம் தான் திரட்டிய தரவுகளை, சட்ட ஒப்பந்தத்தின் பேரில், பிற ஆய்வாளர்களுக்குத் தருகிறது. உங்கள் வினாநிரலை வேறொருவர் பயன்படுத்தியிருந்தால் தயங்காமல் குறிப்பிடுங்கள்.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியிருந்தால் ஓர் எச்சரிக்கை. 'எங்கள் கூட்டத்துக்குப் பின் புகார்கள் குறைந்தன' என்று பலரும் பெருமையாக எழுதுகிறார்கள். வெட்கத்தால் வாய்திறக்காதவர்கள் நிறைந்த குற்றம் இது. நல்ல விழிப்புணர்வுக்குப் பிறகு புகார்கள் கூடவும் செய்யும். பணம் போன நேரத்துக்கும் இணைய நிதி மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழைத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, பணம் கைமாறிப் போவதற்குள் அதை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அந்த இடைவெளி சுருங்கியிருந்தாலும், உங்களால்தான் சுருங்கியது என்று அடித்துச் சொல்லாமல், கூட்டம் நடக்காத ஒரு பகுதியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

காவல் பயிற்சியிலோ வங்கியிலோ உங்கள் பாடக் குறிப்பை எடுத்துக்கொண்டால் அந்த வாரமே கடிதம் கேளுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனால் பிறகு யாரும் தரமாட்டார்கள். 'சிறப்பாக இருந்தது' என்ற பாராட்டால் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை வகுப்பு, முன்பிருந்த எந்த நடைமுறை மாறியது என்று கடிதத்தில் இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன், உங்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களுக்காக அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். பெயரை நீக்கிவிட்டாலும், ஊர், இழந்த தொகை, மாதம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் அது யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்.