வளைவில் வியர்த்தால் எல்லாமே தலைசுற்றல் இல்லை

கேள்வி: நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மே மாதம் குடும்பத்தோடு காரில் ஏற்காடு போய் இரண்டு நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். மாமனாருக்கு 68 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை என்று மற்றவையும் உண்டு. போன வருடம் போனபோது, வாந்தி வரும் என்று யாருமே சாப்பிடாமல் கிளம்பினோம். அவர் ஊசியை மட்டும் வழக்கம்போல் ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டார். வழியில் ஒண்ணுக்கு வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை, மாத்திரைகளையும் விட்டுவிட்டார். பாதி மலையில் வண்டிகள் நெரிசலில் நின்றபோது அவருக்குக் கொட்டுகொட்டென்று வியர்த்தது. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. தலைசுற்றல் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துச் சாய்த்துப் படுக்க வைத்தோம். மேலே போய்க் காபியும் டிபனும் சாப்பிட்ட பிறகு தெளிவானார். என் மகளுக்கு 7 வயது. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாள். இந்த முறை எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்துவிடலாமா? மாமாவை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் போன வருடம் நடந்ததைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நேரில் பார்க்காமல் நூறு சதவீதம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அது மலைப்பாதைத் தலைசுற்றலாகத் தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போன 'லோ சுகர்' என்றே நினைக்கிறேன். சர்க்கரை போட்ட காபியும் டிபனும் உள்ளே போனதும் தெளிந்தார் என்பதே அதற்குப் பெரிய அடையாளம். நெரிசல் இன்னும் ஒரு மணி நேரம் நீடித்திருந்தால் நினைவு தப்பியிருக்கலாம், வலிப்பு கூட வந்திருக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த முறை நீங்கள் இதை முழுவதும் தடுக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

காலையில் போடும் இன்சுலின், அடுத்து வரப்போகும் சாப்பாட்டுக்காகப் போடுவது. காலை, இரவு என்று இரண்டு வேளை போடுகிறவர்கள் பெரும்பாலும் போடும் கலவை இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், அடுத்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆறு மணிக்கு ஊசி, ஏழு மணிக்கு அடிவாரம், எட்டு மணிக்கு நெரிசல். இன்சுலின் முழுவேகத்தில் இருந்த நேரத்தில் அவர் வயிறு காலியாக இருந்திருக்கிறது.

சேலத்தில் இருபது வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். மலைக்குப் போய் உடம்பு கெட்டு வருகிறவர்களில் பலரைக் கெடுத்தது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் இல்லை. வாந்திக்குப் பயந்து சாப்பிடாமல், ஒண்ணுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், மாத்திரையை 'வந்து பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பியதுதான் கெடுத்தது. நம் வீடுகளில் இதை முன்னெச்சரிக்கை என்று நினைத்தே செய்கிறார்கள். அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலைப்பாதைத் தலைசுற்றலையும் லோ சுகரையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டிலும் முகம் வெளுக்கும், குளிர்ந்த வியர்வை வரும், குமட்டும். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சர்க்கரை இறங்குவதைக் காட்டும். ஆனால் 15 வருடம் சர்க்கரை இருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கிப்போயிருக்கலாம். பிரஷருக்கு மெட்டோபிரோலால், அட்டனலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நடுக்கமும் படபடப்பும் இன்னும் தெரியாமல் போகும். வியர்வை மட்டும் மிஞ்சும். ஆகவே இன்சுலின் போடுகிற ஒருவருக்கு வழியில் வியர்த்தாலோ, பேச்சு குறைந்தாலோ, முதலில் சர்க்கரையை நினையுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் லோ சுகர். மீட்டர் இல்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். வெறும் தலைசுற்றலாக இருந்து நீங்கள் இனிப்பு கொடுத்துவிட்டால் சர்க்கரை கொஞ்ச நேரம் ஏறி இருக்கும், அவ்வளவுதான். லோ சுகருக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தால் போவது நேரம்.

என்ன இனிப்பு? மூன்று முழுத் தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் பிஸ்கட்டோ இட்லியோ கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏற்றும். டயட் பானங்களால் பயனே இல்லை. இன்னொன்று, அவர் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். அவை சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரையை நம்பக் கூடாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அந்த டப்பா டிக்கியில் இல்லாமல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளம்பும் நாளுக்கு வருவோம். ஊசி போட்டால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். மூன்று இட்லி, சாம்பார் போதும். பொங்கல், வடை, பூரி வேண்டாம், எண்ணெய் அதிகமானால் வளைவில் குமட்டும். இல்லை, மேலே போய்த்தான் சாப்பிடுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் ஊசியும் மேலே போய்த்தான். மே மாதக் கூட்டத்தில், அதிலும் கோடை விழா சமயத்தில், எத்தனை மணிக்கு மேலே போய்ச் சேர்வோம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் சாப்பிடுவதே நல்லது. விடியற்காலையில் கிளம்பினால் நெரிசலும் குறைவு.

பிரஷர் மாத்திரையை விடவே கூடாது. சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். நீர் பிரியும் மாத்திரையை மட்டும் அன்று ஒருநாள் மேலே போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இதயம் பலவீனமாக இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதீர்கள். சேலம் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் வயதானவருக்குச் சிறுநீரகம் சிரமப்படும், எழுந்து நின்றால் கண் இருட்டும். பிராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையும் எழுந்திருக்கும்போது பிரஷரை இறக்கும். வண்டி நின்றதும் உடனே இறங்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்கட்டும். ஒண்ணுக்கு வந்தால் வண்டியை நிறுத்துங்கள். அடிவாரத்தில் ஒருமுறை போய்விட்டு வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் கூச்சத்தில் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

வாந்தி மாத்திரையை மாமாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். கடையில் பெரும்பாலும் தருவது அவோமின், அதாவது ப்ரோமெத்தசைன். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் பிராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், குழப்பும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வண்டி ஓட்டுகிறவருக்கும் கூடாது. ஒரு அட்டை வாங்கி ஆளுக்கொன்று போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை அது.

உங்கள் மகளுக்கு உதவும். சின்ன வயதில் நானும் ஏற்காடு பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனவள். அந்தக் குழந்தை படும் பாடு எனக்குத் தெரியும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம், சாய்கிறோம்' என்று மூளைக்குச் சொல்லும். கண் முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு 'அசையவில்லை' என்று சொல்லும். இந்த முரண்பாட்டில் வருவதுதான் குமட்டல். அந்த உறுப்பு இரண்டு காதிலும் வேலை செய்யாதவர்களுக்கு இந்த வாந்தி வருவதே இல்லை. வண்டி ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரிவதால் அவருக்கும் அநேகமாக வராது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம், பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும்.

பின்சீட்டில் நடுவில், பெல்ட் போட்டு, முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். உயரம் பற்றாவிட்டால் குழந்தைகளுக்கான உயர்த்தும் இருக்கை வாங்குங்கள். செல்போன் வேண்டவே வேண்டாம். கதவுக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அடிவாரம் தாண்டினால் காற்று நன்றாகவே இருக்கும். காருக்குள் வாசனைத் திரவியம் தொங்கினால் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்றிரண்டு இட்லி கொடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், வாந்தியும் பித்தமாக வந்து தொண்டையை எரிக்கும். இஞ்சி சிலருக்குக் கேட்கும், ஒரு துண்டு இஞ்சி மிட்டாய் தரலாம். வளைவில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்து பார்த்தும் நிற்காவிட்டால் மாத்திரை. அளவைக் குழந்தையின் வயது, எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். இரண்டு வயதுக்குக் கீழ் இந்த மருந்து கூடவே கூடாது. கிளம்ப ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பலர் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடும். குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு மந்தமாகி மாத்திரை உள்ளே ஏறாது. வயிற்றுப்போக்கு வாந்திக்கு வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டான்செட்ரான் சிரப்பையும் கொடுக்காதீர்கள், பயண வாந்தியை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை.

காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம்தான். மூச்சுத்திணறல் தரும் உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும், அந்தக் கவலை வேண்டாம்.

மேலே போன பிறகும் மாமாவைக் கவனிக்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை நினைவூட்டுங்கள். வீட்டில் வாசல்வரை நடப்பவர் அங்கே பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஏறி இறங்குவார். நடை சர்க்கரையை இறக்கும், சில சமயம் அன்று ராத்திரி தூக்கத்தில்கூட இறக்கும். அதிகம் நடந்த நாளில் படுக்கும் முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நடக்கப் போகும் காலையில் ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடட்டும், நடக்கும் காலிலிருந்து இன்சுலின் வேகமாக ஏறும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலினை ஏற்காட்டுக் குளிரில் வெளியே வைக்கலாம். சேலத்திலிருந்து போகும்போதுதான் ஆபத்து. பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டால் கெட்டுவிடும், ஐஸ் கட்டி மேலே நேராக வைத்தாலும் உறைந்து கெட்டுவிடும். ஈரத் துணி சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.

குழந்தை கையில் தின்பண்டப் பாக்கெட்டோடு குரங்குகள் பக்கம் போக வேண்டாம். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிதான் இதற்கும்.

பயணத்துக்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் போய், போன வருடம் மலையில் நடந்ததை எனக்கு எழுதியது போலவே சொல்லுங்கள். இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், வீட்டிலும் இதுபோல் இறங்குகிறதோ என்று அவர் பார்ப்பார். இறங்கி வரும் நாளிலும் இதே கணக்குதான். சாயங்காலம் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டால், மணி ஆகிவிட்டதே என்று காருக்குள் ராத்திரி ஊசியைப் போட்டுவிட வேண்டாம். வீட்டுக்கு வந்து, தட்டில் சாப்பாட்டைப் போட்ட பிறகு போட்டுக்கொள்ளட்டும்.