நாலாவது மாடு ஏன் பாலை அடக்குகிறது?

கேள்வி: என்னிடம் 4 கறவை மாடுகள் உள்ளன. அதில் ஜெர்சி கலப்பு ஒன்று, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு 2 மாதம் ஆகிறது. காலையில் 6 லிட்டர் கறந்தது, மூன்று வாரமாக 4 லிட்டரைத் தாண்டவில்லை. சொசைட்டியில் கொழுப்பும் குறைவாகக் காட்டுகிறது. தீவனம் அதேதான், காய்ச்சலும் இல்லை. கறவைக்குப் புது ஆள் வருகிறார். நான்கு மாட்டுக்கும் மடியைக் கழுவிவிட்டு வரிசையாகக் கறக்கிறார், இது கடைசி. பால் இறங்க ஊசி போடலாமா?

பதில்: ஊசி வேண்டாம். மாட்டை வரிசையில் முதலாவதாகக் கட்டுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மடியைப் பால் நிரம்பிய பை என்று நினைக்கிறோம். உண்மையில் காம்புக்கு மேலே தானாக இறங்கி நிற்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி, கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு குமிழ்களுக்குள் இருக்கிறது. குமிழின் உட்சுவர் முழுக்கப் பால் சுரக்கும் செல்கள். ஒரு பக்கம் ரத்தத்திலிருந்து சத்தை வாங்கி, மறுபக்கம் பாலாக விடும். சுரப்பதோடு அவற்றின் வேலை சரி. பாலை வெளியே தள்ளும் பலம் அவற்றுக்குக் கிடையாது.

தள்ளுவது வேறு செல்கள். பானையைச் சுற்றிய உறிபோல, குமிழை வெளியே பின்னிப் பிடித்திருக்கும் தசை போன்ற செல்கள் அவை. அவற்றைச் சுருங்கச் சொல்லி நரம்பு வழியாக உத்தரவு வருவதில்லை. காம்பில் கை பட்டதும் மூளையடியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வரவேண்டும். ஒரு நிமிடம் போல ஆகும். பிறகு ஐந்தாறு நிமிடம்தான் அதன் வேகம் நிற்கும். உங்கள் ஆள் மூன்று மாடு கறந்து முடிப்பதற்குள் நாலாவது மாட்டின் உறி தளர்ந்துவிடுகிறது. மாடு வேண்டுமென்றே அடக்குவதாக நாம்தான் அதன்மேல் பழி போடுகிறோம்! புது ஆள் அதட்டினாலோ அடித்தாலோ இன்னும் மோசம். பயத்தில் ஆக்ஸிடோசின் வருவதே தடைப்படும்.

கொழுப்பு குறைந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நல்ல துப்பு. கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். அந்தப் பால் மடியிலேயே தங்குகிறது. தினமும் இப்படித் தங்கினால் சுரக்கும் செல்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும், நாளாவட்டத்தில் எண்ணிக்கையிலும் குறையும். அப்புறம் அந்த ஈத்தில் பழைய அளவு திரும்புவது கடினம்.

நீங்கள் கேட்கும் ஊசியில் இருப்பதும் இதே ஆக்ஸிடோசின்தான். அது அந்த உறியை இறுக்குமே தவிர, கூடுதலாக ஒரு சொட்டுப் பாலையும் உண்டாக்காது. பழகிவிட்டால் ஊசி இல்லாமல் மாடு பால் விடாது. பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் தடை செய்கிறது.

ஒவ்வொரு மாடாகக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு நிமிடத்துக்குள் கறக்கத் தொடங்கச் சொல்லுங்கள். ஏழு நிமிடத்துக்குள் ஒட்டக் கறந்துவிட வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறக்க விடாதீர்கள், காம்பு நோகும். முதல் சில பீச்சை ஒரு கருப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் அது மடிநோய், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். திரி இல்லாமலேயே ஒரு வாரத்தில் பால் ஏறவில்லை என்றாலும், வெளியே தெரியாத மடிநோய் உண்டா என்று பாலைச் சோதிக்கக் கொடுத்துவிடுங்கள்.