மகள் ஜியாலஜி எடுக்கலாமா? கோத்தகிரியிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. நர்சிங் சீட் கையில் இருக்கும்போது மகள் பி.எஸ்சி. ஜியாலஜிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள், கல்லைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். படிக்கட்டும் என்பதுதான் என் பதில். ஆனால் மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது சிரமம். எம்.எஸ்சி.யையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்குப் பணக் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அவள் படிக்கப்போவது உங்கள் வீட்டைச் சுற்றியே கிடக்கிறது. தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாள். பாறைக்குழம்பு ஆறி இறுகினால் முதல் வகை. மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் இரண்டாவது. ஏற்கெனவே இருக்கும் பாறை, முழுக்க உருகாமல், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு கனிமங்களாக மாறினால் மூன்றாவது. நீலகிரி பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை.

ரோட்டுக்காக மலையை வெட்டிய இடங்களில் எண்ணெய் தடவினது போல மினுமினுக்கும் கருஞ்சாம்பல் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அது சார்னோக்கைட். சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன்னால், பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போய், நிலமும் உயர்ந்து, இன்று அதே பாறை தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை கார்னெட் என்ற கனிமம். அந்தப் பாறை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைக் கார்னெட்டை ஆராய்ந்தே கணக்கிடுகிறார்கள்.

வெளியே வந்த பிறகும் பாறை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மழை பட்டுப் பட்டு அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது, இரும்பு துருவேறிச் சிவக்கிறது. உங்கள் தேயிலை வேர்பிடித்திருப்பது அந்த மண்ணில்தான். கோத்தகிரிப் பக்கமும், பழனி மலையில் கொடைக்கானல் பக்கமும் சில இடங்களில் இது இன்னும் முற்றிப்போய் அலுமினியத் தாதுவான பாக்சைட்டாகவே ஆகியிருக்கிறது. மோயாறும் பவானியும் அடித்துப்போகும் வண்டலில் அணைகள் பிடித்துவைத்தது போக மிச்சம் காவிரி வழியாக டெல்டாவுக்கும் கடலுக்கும் போகிறது. பல லட்சம் வருஷங்கள் புதைந்து இறுகினால் அதுவும் படிவுப் பாறைதான்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கே தெரியும். நீர் மேல்மண்ணில் இறங்குகிறது, அடியிலுள்ள கெட்டிப் பாறையில் தடைபடுகிறது, கனத்துப்போன மண் வழுக்கி விடுகிறது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், ரோட்டை எப்படி வெட்டினால் தாங்கும் என்று சொல்ல இந்தப் படிப்பு வேண்டும். அந்த மழையோடு வளர்ந்த மலைக்காரப் பிள்ளைகளே இதற்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வேலைக்கு வருவோம். 1851இல் தொடங்கிய இந்திய புவியியல் ஆய்வுத் துறையும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாக ஆள் எடுக்கின்றன. அதற்கு முதுகலை கட்டாயம். சுரங்கம், சிமென்ட், அணை, மலைக்குள் குடையும் பாதை ஆகியவற்றிலும் இடமுண்டு. பி.எஸ்சி.க்கு சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றைப் பாருங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டாம் வருஷத்திலேயே அதற்குத் தயாராகத் தொடங்கட்டும்.

பெண் பிள்ளையைக் காடு மேட்டுக்கு அனுப்புவதா என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. களப்பணி இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் மாணவர்கள் ஆசிரியரோடு குழுவாகத்தான் போவார்கள். சுதீப்தா சென்குப்தா என்ற பெண் புவியியலாளர் 1983இலேயே அண்டார்டிகாவுக்குப் போய் ஆய்வு செய்தவர்.

நர்சிங் சீட்டை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் சேலத்துக்கு அவளைக் கூட்டிப்போய், துறைத் தலைவரிடம் கடந்த வருஷம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். விடுதி வசதியையும் அப்போதே விசாரித்து விடுங்கள்.