சும்மா இருக்கும்போதே 90 துடிக்கிறது, குறைக்க முடியுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு மகன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்ததிலிருந்து என் நிம்மதி போய்விட்டது. உட்கார்ந்திருக்கும்போதே இதயத் துடிப்பு 88, 92 என்று காட்டுகிறது. ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் நாட்களில் 96 வரை போகிறது. ரத்த அழுத்தம் 124/80, சர்க்கரை நோய் இல்லை. தினமும் மாலையில் பக்கத்து வீட்டு அக்காவுடன் 20 நிமிடம் நடக்கிறேன். நாளுக்கு நான்கு காபி. தூங்குவதற்குப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். மாதவிலக்கில் இப்போதெல்லாம் ரத்தப்போக்கு அதிகம். மாரத்தான் ஓடும் என் கொழுந்தனாருக்கு 52தானாம். ‘இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று விதித்திருக்கிறது, ஓடி ஆடி அதைத் தீர்த்துவிடாதே’ என்கிறார் மாமியார். தோழி ஒருத்தி படபடப்புக்குத் தான் சாப்பிடும் மாத்திரையைத் தருகிறேன் என்கிறாள். என்ன செய்வது? இன்னும் விலை கூடிய வாட்ச் வாங்கினால் சரியாகக் காட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முதல் வேலையாகத் தோழியின் மாத்திரையை மறுத்துவிடுங்கள். படபடப்புக்குப் பரவலாகத் தரப்படும் புரோப்பரனலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால், துடிப்பு ஏன் கூடியது என்பதைக் கண்டுபிடிக்கும் முன்பே குறைத்துவிட்டால் காரணம் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதே மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சில வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்பைவிட எகிறும். உங்கள் தோழிக்கு அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் அவரைப் பரிசோதித்தார், உங்களை அல்ல.

இனி எண்ணுக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. அந்தக் கணக்கில் 90 நோய் ஆகாது. அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். கோபன்ஹேகன் நகர ஆண்களை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுத் துடிப்பு 50க்குள் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 90ஐத் தாண்டியவர்களுக்கு மரண ஆபத்து சுமார் மூன்று மடங்கு இருந்தது. இதைப் படித்துவிட்டு இன்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் நடுவயதைத் தாண்டிய ஆண்கள். மேலும், கூடிய துடிப்பு பெரும்பாலும் ஏதோ ஒன்றின் அறிகுறி. உடற்பயிற்சிப் பழக்கமின்மை, தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு என்று பின்னால் ஏதாவது இருக்கும். எண்ணை விரட்டுவதைவிட அதைப் பிடிப்பதுதான் காரியம்.

உங்கள் 90 உண்மையான 90தானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து, காபி குடித்து, மேலாளர் கேட்ட கணக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அது ஓய்வு இல்லை. காலையில் கண் விழித்ததும் எழுந்து ஓடாதீர்கள். சிறுநீர் முட்டினால் போய்விட்டு வந்து ஐந்து நிமிடம் படுத்திருங்கள். போனைத் தொட வேண்டாம், காபியும் அப்புறம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணும்போது துடிப்பு சீராக வருகிறதா, இடையிடையே தப்புகிறதா என்பதும் விரலுக்குத் தெரியும். ஒரு வாரம் இப்படி எழுதி வையுங்கள். பலருக்கு வாட்ச் பகலில் காட்டியதைவிட எட்டுப் பத்து குறைவாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வாட்ச் பொய் சொல்கிறது என்பதில்லை. அதன் அடியில் மின்னும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக் கணக்கிடுகிறது. பட்டை தளர்வாக இருந்தாலோ கையை ஆட்டிக்கொண்டே இருந்தாலோ கணக்குத் தவறும். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வாட்சின் கோடு சற்று மேலேறும். இரண்டு மூன்று துடிப்பு கூடுவது அந்த நாட்களின் இயல்பு. காய்ச்சல் வந்தால் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறுவதற்குச் சுமார் பத்துத் துடிப்பு ஏறும். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பது இதனால்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது காபியும் இல்லை, தூக்கமும் இல்லை. ரத்தப்போக்கு அதிகம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் ஒவ்வொரு சொட்டும் சுமக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா, ஐஸ்கட்டியையோ பச்சரிசியையோ மெல்ல ஆசை வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஒரு இசிஜி ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எக்கோ, டிரெட்மில் என்று பெரிய பரிசோதனைகளுக்கு இப்போது அவசியம் இல்லை. இவற்றில் ஏதாவது தட்டுப்பட்டால் அப்போது பார்க்கலாம்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் துடிப்பு இறங்காது, களைப்புதான் கூடும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. எலுமிச்சைச் சாறு நல்ல துணை. ரத்தப்போக்குக்கு என்ன காரணம் என்று மகளிர் மருத்துவரிடம் காட்டுவதையும் தள்ளிப்போட வேண்டாம். ஓட்டையை அடைக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அடுத்து உங்கள் மாமியாரின் கணக்கு. அவர் சொல்வதுபோல் துடிப்புகள் எண்ணி விதிக்கப்பட்டவை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 90 என்றால் ஒரு நாளைக்கு 1,29,600 துடிப்பு. நீங்கள் தினமும் அரை மணி நேரம் 125 துடிப்பில் வேகமாக நடந்து, அதன் பலனாக மீதி நேரத் துடிப்பு 80க்கு இறங்குகிறது என்றால் மொத்தம் 1,16,550. நாளுக்கு 13,000 மிச்சம். அவர் கணக்குப்படியே பார்த்தாலும் நடப்பதுதான் சிக்கனம் என்று சொல்லிப் பாருங்கள். கொழுந்தனார் உதவிக்கு வருவார்.

அவருக்கு 52 எப்படி வந்தது? ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் வேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் அதை 70 துடிப்பில் முடிக்கிறது. 100 மில்லி தள்ளும் இதயத்துக்கு 50 துடிப்பு போதும். ஏரோபிக் பயிற்சி, அதாவது வேக நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்ற தொடர் பயிற்சி, முதல் ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டுகிறது. இதயம் நன்றாக நிரம்புகிறது, நிரம்பியதை ஒரே மூச்சில் தள்ளவும் பழகுகிறது. கால் தசைகளும் கிடைக்கும் ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை உறிஞ்சக் கற்றுக்கொள்கின்றன.

மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி வரும் வேகஸ் நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. இதயத்தின் இயற்கையான துடிப்பு முடுக்கியை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 வாக்கில் அடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு ஓய்விலும் துடிப்பு 90, 100 என்று இருப்பது இதனால்தான். அறுவை சிகிச்சையில் நரம்புத் தொடர்பு அறுந்துவிடுகிறது. நமக்கெல்லாம் வேகஸ் நரம்புதான் கடிவாளம். பயிற்சியும் நல்ல தூக்கமும் அதன் பிடியை வலுப்படுத்துகின்றன, பதற்றமும் புகையும் தளர்த்துகின்றன. நரம்பு மட்டுமல்ல, துடிப்பு முடுக்கியே பயிற்சியால் மாறுகிறது என்று 2014இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஆனால் 52ஐ இலக்காக வைக்காதீர்கள். பெண்களுக்கு ஆண்களைவிடச் சில துடிப்புகள் கூடுதலாக இருப்பது இயல்பு, பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்குச் சராசரியாக ஐந்தாறு துடிப்பு குறைகிறது. ரத்தசோகை இருந்து அதுவும் சரியானால் இன்னும் இறங்கும்.

பக்கத்து வீட்டு அக்காவுடனான உங்கள் 20 நிமிட நடையைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? மாமியார், மருமகள், பள்ளிக் கட்டணம் என்று ஒரு ஊர்க்கதையையே பேசி முடிக்க முடிகிறது என்றால் அந்த நடை மனதுக்கு நல்லது, இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. எண்ணாகத்தான் வேண்டும் என்றால், 220இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 178. அதில் ஏறத்தாழ 64 முதல் 76 சதவீதம், அதாவது 114 முதல் 135 வரை. இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூடத் தவறும் என்பதால் நான் மூச்சைத்தான் நம்புவேன். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் அறவே பொருந்தாது.

முதல் இரண்டு வாரங்கள் அதே 20 நிமிடத்தை இந்த வேகத்தில் வாரம் ஐந்து நாள் நடங்கள். பிறகு 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிடம் அங்கேயே வந்துவிடும். ஆறாவது வாரத்திலிருந்து, ரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை என்றால், நடையின் நடுவே ஒரு நிமிடம் மூச்சு வாங்கும்படி வேகமாக, இரண்டு நிமிடம் நிதானமாக என்று ஐந்து முறை மாற்றி மாற்றிச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகள். சித்திரை, வைகாசி வெயிலில் மாலை ஐந்து மணிக்கு நடந்தால் வெப்பமே பத்துத் துடிப்பை ஏற்றிவிடும். அந்த மாதங்களில் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்றைக்காவது காலைத் துடிப்பு வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடியிருந்தால் அன்று ஓய்வெடுங்கள், உடம்புக்கு ஏதோ வரப்போவதாக இருக்கலாம். சில வாரங்கள் நடையை விட்டால் இறங்கியது மறுபடி ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காபியை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். பழகிய உடம்பில் காலைக் காபி துடிப்பைப் பெரிதாக ஏற்றுவதில்லை. மாலைக் காபிதான் வில்லங்கம். உள்ளே போன காஃபீனில் பாதி கரையவே ஐந்து மணி நேரம் ஆகும், உங்கள் பன்னிரண்டு மணித் தூக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துப் பதினொன்றுக்குள் படுத்துவிட்டால், இரவுத் துடிப்பு இறங்குவதை வாட்சே காட்டும். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறீர்களா? அலுவலகக் கழிப்பறை சரியில்லை என்று காலை முதல் மாலை வரை ஒரு பாட்டில்கூடக் குடிக்காத பெண்கள் எத்தனையோ பேர். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், துடிப்பு ஏறும். கழிப்பறையைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் துடிப்பை ஏற்றும். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது 96 வருவது கணக்குத் தாக்கல் செய்யும் பதற்றம். அன்று நாற்காலியிலேயே நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விட்டு, ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். உடனே சற்றுத் தணியும், நிரந்தர வைத்தியம் இல்லை.

ஓய்வில் தொடர்ந்து 100ஐத் தாண்டினாலோ, துடிப்பு தாறுமாறாக வந்தாலோ, சும்மா இருக்கும்போது சுவிட்ச் போட்ட மாதிரி 150க்கு மேல் எகிறி அதேபோல் சட்டென்று நின்றாலோ இதய மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் 108ஐ அழையுங்கள், வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

விலை கூடிய வாட்ச் வேண்டாம். இருப்பதே போதும். அந்தப் பணத்தில் நல்ல நடைக் காலணி வாங்குங்கள், அதுவும் மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. காலையில் அளவாக இருந்த காலணி மாலை நடையில் கடிக்கும்.